ஒரே டிக்கெட்டில் 4 ராக் குழுக்கள்: ஊர் ஊராக செல்லும் இசை விழா நடப்பது எப்படி? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

ஒரு பாட்டு 24 நிமிடம் ஓடும். அது முடிவதற்குள் டீக்கடையில் ஒரு டீ குடித்து, பேப்பரையும் ஒரு புரட்டு புரட்டி விடலாம். இந்த மாதிரி பாட்டு வாசிக்கும் ஒரு குழுவை மேடை ஏற்றுவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட 4 குழுக்களை சேர்த்து, பஸ்சிலும் லாரியிலும் ஊர் ஊராக அழைத்துப் போய், ஒரே டிக்கெட்டில் கச்சேரி நடத்துவது என்றால் சும்மாவா?

அமெரிக்காவில் 2008-ம் ஆண்டு அப்படி ஒரு இசை விழா கிளம்பியது. அதன் பெயர் 'புரோகிரசிவ் நேஷன்'. முதல் ஆண்டு சுற்றி முடித்ததும் 2-வது ஆண்டுக்கும் ஏற்பாடு நடந்தது. ஆனால் 2009-ல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த 2 குழுக்கள், விழா தொடங்கும் முன்பே விலக வேண்டியதாகி விட்டது. அவர்கள் வாசிப்பில் குறை இல்லை. ரசிகர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் இருந்த கேசட் கம்பெனி திவால் ஆனதுதான் காரணம்.

இந்த விழாவில் வாசித்த ஒரு குழு சென்னைக்கும் வந்திருக்கிறது. சுவீடனின் 'ஓபெத்' குழு 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் கச்சேரி நடத்தியது. மேடையில் தெரிவது வெளிச்சமும் சத்தமும் மட்டும்தான். அதற்குப் பின்னால் பல மாத கணக்கு வழக்கு இருக்கிறது. அந்த கணக்கு ஒரு இடத்தில் தப்பினாலும் முதலில் அடிபடுவது கடைசி ஆள்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

புரோகிரசிவ் ராக் என்றால் என்ன?

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்தது இந்த பாணி. 1969-ல் 'கிங் கிரிம்சன்' குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 'யெஸ்', 'ஜெனிசிஸ்', 'பிங்க் பிளாய்டு', 'எமர்சன் லேக் அண்டு பால்மர்' என்று வரிசையாக குழுக்கள் கிளம்பின. சாதாரண ராக் பாட்டு 3, 4 நிமிடத்தில் முடிந்து விடும். இவர்கள் பாட்டு லேசில் முடியாது. ஜெனிசிஸ் 1972-ல் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' சுமார் 23 நிமிடம். அமெரிக்காவின் 'டிரீம் தியேட்டர்' 2005-ல் வெளியிட்ட 'ஆக்டவேரியம்' 24 நிமிடம்.

தாளமும் அப்படித்தான். வழக்கமான 4 தட்டு இவர்களுக்கு போதாது. நம்மூர் கச்சேரியில் மிஸ்ர சாபு 7 எண்ணிக்கையில் வரும் அல்லவா? அதுபோல 5, 7, 9 என்று எண்ணிக்கையை மாற்றி மாற்றி வாசிப்பார்கள். பிங்க் பிளாய்டு 1973-ல் வெளியிட்ட 'மணி' என்ற பாட்டு பெரும்பகுதி 7 தட்டில்தான் நடக்கிறது.

டிரம்மர் போட்ட திட்டம்

டிரீம் தியேட்டர் குழுவின் டிரம்மர் மைக் போர்ட்நாய். 'புரோகிரசிவ் நேஷன்' அவர் மூளையில் உதித்த திட்டம். தங்கள் குழுவுக்கு வரும் கூட்டத்தின் முன்னால், அதிகம் பேருக்கு தெரியாத நல்ல குழுக்களையும் மேடை ஏற்ற வேண்டும் என்பது யோசனை.

2008-ல் டிரீம் தியேட்டருடன் ஓபெத், 'பிட்வீன் தி பரீட் அண்டு மி', 'திரீ' ஆகிய 3 குழுக்கள் வட அமெரிக்காவை சுற்றின. பெரிய குழுவுக்காக டிக்கெட் விற்கும். சின்னக் குழுவுக்கு புது ரசிகர்கள் கிடைப்பார்கள். ரசிகருக்கு ஒரே காசில் 4 கச்சேரி. பேச்சில் கேட்க எல்லாருக்கும் லாபம் போலத்தான் இருக்கிறது. நடத்திக் காட்டுவதில்தான் சிக்கல்.

அரை மணிக்கு ஒரே பாட்டு!

முதல் சிக்கல் நேரம். அரங்கத்தை இரவு இத்தனை மணிக்குள் மூட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி இருப்பார்கள். தாண்டினால் அபராதம். மேடைத் தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் வேறு. எனவே கடைசியில் வரும் பெரிய குழுவுக்குத்தான் அதிக நேரம். முதலில் வாசிக்கும் குழுவுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

மற்ற ராக் குழு என்றால் அரை மணியில் 7 பாட்டு வாசித்து விடும். புரோகிரசிவ் ராக் குழு 20 நிமிட பாட்டு ஒன்றை எடுத்தால், கதை அதோடு சரி. ஆகவே எந்த பாட்டை எடுப்பது, எதை வெட்டுவது என்று ஊரை விட்டு கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்தது மேடை மாற்றம். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளி சில நிமிடங்கள்தான். ஒவ்வொரு டிரம்மருக்கும் தனி டிரம்ஸ் செட், கீபோர்டுகாரருக்கு 3, 4 கீபோர்டு, கிதார்காரர் காலடியில் வரிசையாக பெடல்கள். இத்தனையும் மாற்ற வேண்டும்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மதியம் சவுண்டு செக் நடக்கும்போது, கடைசியில் வாசிக்கும் பெரிய குழு முதலில் சரிபார்க்கும். முதலில் வாசிக்கும் சின்னக் குழு கடைசியில் சரிபார்க்கும். இதனால் சின்னக் குழுவின் சாமான்கள் மேடையின் முன்னால் தயாராக நிற்கும். அவர்கள் முடித்ததும் அதை அகற்றினால், பின்னால் இருப்பது அடுத்த குழுவின் சாமான். டிரம்ஸ் செட்டை சக்கரம் வைத்த பலகை மேடையில் பூட்டி விடுவதால் அப்படியே தள்ளிக்கொண்டு போய் விடலாம்.

இதிலும் சின்னக் குழுவுக்குத்தான் சோதனை. லாரி வர தாமதமானால் பெரிய குழுவின் சவுண்டு செக் இழுத்துக்கொண்டே போகும். சின்னக் குழுவுக்கு நேரம் இருக்காது. மைக் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மேடை ஏற வேண்டியதுதான்.

டிரைவர் தூங்கினால்தான் கச்சேரி

ஊர்களை எந்த வரிசையில் போவது என்பது அடுத்த கேள்வி. இரவு கச்சேரி முடிந்ததும் சாமானை ஏற்றி, படுக்கை வசதி உள்ள பஸ்சில் கிளம்புவார்கள். விடியும்போது அடுத்த ஊர். ஓட்டல் வாடகை மிச்சம்.

ஆனால் டிரைவரை இஷ்டத்துக்கு ஓட்டச் சொல்ல முடியாது. அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, பஸ் டிரைவர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகு 10 மணி நேரம்தான் ஓட்டலாம். லாரி டிரைவர் என்றால் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம். 2017 டிசம்பர் முதல் இதை மின்னணு கருவியில் பதிவு செய்வதும் கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் நோட்டில் மாற்றி எழுதி தப்பிக்க முடியாது.

எனவே அடுத்த ஊர் அந்த நேரத்துக்குள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தூரம் அதிகம் என்றால் 2-வது டிரைவருக்கு சம்பளம், அல்லது ஒரு நாள் கச்சேரி இல்லாத நாள். இரண்டுமே செலவு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு ஊரில் ஒப்பந்தம் போட்டால், அதைச் சுற்றி இத்தனை மைல் தூரத்துக்குள், இத்தனை நாளைக்கு வேறு கச்சேரி வாசிக்கக் கூடாது என்று ஏற்பாட்டாளர் எழுதி வாங்குவார். தன் டிக்கெட் விற்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. கச்சேரி இல்லாத நாளில் பக்கத்து ஊரில் வாசித்து நாலு காசு பார்க்கலாம் என்று சின்னக் குழு நினைத்தால், இந்த நிபந்தனை குறுக்கே நிற்கும்.

கிதாருக்கும் பாஸ்போர்ட்

வெளிநாட்டு குழு என்றால் விசா செலவு தனி. அமெரிக்காவில் வாசிக்க வரும் குழுக்களுக்கு 'பி' பிரிவு விசா இருக்கிறது. அங்குள்ள ஒருவர்தான் இவர்களுக்காக மனு போட வேண்டும். இந்த மனு கட்டணம் 460 டாலராக இருந்தது. 2024 ஏப்ரலில் இது 1,015 டாலராக உயர்ந்தது. சிறிய நிறுவனங்களுக்கு சலுகை உண்டு என்றாலும் வக்கீல் செலவு, தூதரக கட்டணம் எல்லாம் வேறு.

சாமான்களுக்கும் ஒருவகை பாஸ்போர்ட் உண்டு. 'ஏ.டி.ஏ. கார்னெட்' என்று பெயர். கிதார், டிரம்ஸ், ஒயர் பெட்டி என்று ஒவ்வொன்றையும் அதில் பட்டியல் போட வேண்டும். அதைக் காட்டினால் சுங்க வரி கட்டாமல் நாட்டுக்குள் கொண்டு போகலாம். ஓராண்டு வரை செல்லும். திரும்பும்போது பட்டியலில் உள்ள ஒரு பொருள் குறைந்தாலும், விற்று விட்டதாக கருதி வரி கேட்பார்கள்.

உயிர் போன மேடை

மேடை கட்டும் தொழிலாளர்கள் காலையிலேயே வந்து விடுவார்கள். இரும்புச் சட்டம் ஏற்றி, விளக்கு தொங்கவிட்டு, ஸ்பீக்கர் கட்டி, நள்ளிரவில் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றும் வரை வேலை. இதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மேடை விபத்துகள் சாட்சி.

2012 ஜூன் மாதம் கனடாவின் டொரண்டோ நகரில் 'ரேடியோஹெட்' ராக் குழுவின் கச்சேரிக்காக கட்டிய திறந்தவெளி மேடையின் கூரை சரிந்தது. ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பு நடந்த விபத்து இது. குழுவின் டிரம்ஸ் செட்டை கவனித்து வந்த ஊழியர் பலியானார். 3 பேர் காயம் அடைந்தனர். திட்டம் போடும்போது மேடை எவ்வளவு எடை தாங்கும் என்ற கணக்கை என்ஜினீயரிடம் கொடுத்து சரிபார்ப்பது கட்டாயச் செலவு. இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்

இனி பண விவகாரம்.

கணக்குக்கு ஒரு குழுவின் பஸ், டீசல், டிரைவர், ஊழியர் சம்பளம், சாப்பாடு எல்லாம் சேர்த்து தினமும் 10 ஆயிரம் டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 70 ஆயிரம். கச்சேரி 5 நாள்தான். அப்படியானால் ஒவ்வொரு கச்சேரியிலும் 14 ஆயிரம் டாலர் வந்தால்தான் கையைக் கடிக்காது. மழையாலோ, பாடகருக்கு தொண்டை கட்டியதாலோ ஒரு கச்சேரி ரத்தானால், மீதி 4 கச்சேரியிலும் தலா 17 ஆயிரத்து 500 டாலர் வர வேண்டும். கச்சேரி இல்லாத நாளிலும் செலவு மீட்டர் நிற்காது.

வரவு எங்கிருந்து? ஒவ்வொரு ஊரிலும் உள்ள கச்சேரி ஏற்பாட்டாளர் ஒரு உத்தரவாத தொகை பேசுவார். பொதுவாக அதில் பாதியை முன்கூட்டியே அட்வான்சாக கேட்டு வாங்குவார்கள். கூட்டம் அதிகம் வந்தால், செலவு போக மிச்சத்தில் பங்கும் உண்டு. ஆனால் அந்த பங்கு பெரும்பாலும் பெரிய குழுவுக்குத்தான்.

சின்னக் குழுவின் உத்தரவாத தொகை டீசலுக்கே காணாது. அவர்களை காப்பாற்றுவது அரங்க வாசலில் விற்கும் டி-ஷர்ட். அதிலும் சில அரங்கத்துக்காரர்கள் கமிஷன் எடுத்துக்கொள்வது உண்டு. இதைவிட கொடுமை, பெரிய குழுவுடன் சேர்ந்து சுற்ற சின்னக் குழுவே பணம் கட்டும் வழக்கமும் இந்த தொழிலில் இருக்கிறது. கூலி வாங்கப் போகிற இடத்தில் கூலி கொடுத்துவிட்டு வருவது போல!

பிறகு எப்படி சுற்றுகிறார்கள்? கேசட் கம்பெனி கை கொடுக்கும். ஊர் சுற்றும் செலவில் விழும் துண்டை கம்பெனி கட்டும். இது இனாம் அல்ல. ஆல்பம் விற்று குழுவுக்கு வர வேண்டிய ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள்.

2009-ல் நடந்தது இதுதான்

2009 விழாவுக்கு அறிவிக்கப்பட்ட குழுக்கள் டிரீம் தியேட்டர், 'ஜாப்பா பிளேஸ் ஜாப்பா', 'பெய்ன் ஆப் சால்வேஷன்', 'பியர்ட்பிஷ்'. கடைசி 2 குழுக்களும் சுவீடன்காரர்கள். அட்லாண்டிக் கடலை தாண்டி வர வேண்டும். விமான டிக்கெட், விசா, பஸ் என்று செலவு பட்டியல் நீளம்.

இந்த 2 குழுக்களின் ஆல்பங்களையும் விற்று வந்தது எஸ்.பி.வி. என்ற ஜெர்மனி கம்பெனி. 2009-ல் அது திவால் நடவடிக்கையில் சிக்கியது. பயணச் செலவுக்கு பணம் வரும் வழி அடைந்தது. 2 குழுக்களும் விலகின.

அமெரிக்கா முழுக்க தங்கள் இசையை கொண்டு செல்லும் வாய்ப்பு கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. பெரிய குழு இல்லாவிட்டால் விழாவே இல்லை. சின்னக் குழு போனால் அந்த இடத்துக்கு வேறு குழு வரும். அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவிலேயே இருந்த 'பிக்எல்ப்', 'ஸ்கேல் தி சம்மிட்' ஆகிய குழுக்கள் அந்த இடத்துக்கு வந்தன. ஒருவர் கண்ணீர், இன்னொருவருக்கு அதிர்ஷ்டம்.

பெரிய ஆட்களும் தப்பவில்லை

கணக்கு தவறினால் பெரிய குழுவும் தப்ப முடியாது. 1977-ல் எமர்சன் லேக் அண்டு பால்மர் குழு சுமார் 70 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவையும் கூடவே அழைத்துக்கொண்டு அமெரிக்காவை சுற்றக் கிளம்பியது. மேடையில் வாசிக்கும் முதலாளிகள் 3 பேர். சம்பளம் வாங்குவோர் 70 பேர். அத்தனை பேருக்கும் ஓட்டல், சாப்பாடு, பயணம். தாக்குப்பிடிக்க முடியவில்லை. சில வாரங்களிலேயே ஆர்க்கெஸ்ட்ராவை அனுப்பிவிட்டு, விட்ட பணத்தை மீட்க 3 பேர் மட்டும் ஊர் ஊராக வாசித்தார்கள். ஒருசில பெரிய கச்சேரிக்கு மட்டும் ஆர்க்கெஸ்ட்ராவை மறுபடி வரவழைத்தார்கள். அவற்றில் ஒன்று 1977 ஆகஸ்டில் கனடாவின் மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் நடந்தது.

பிங்க் பிளாய்டு கதை இன்னும் வேடிக்கை. 1980, 81-ம் ஆண்டுகளில் 'தி வால்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார்கள். கச்சேரி நடக்க நடக்க மேடையில் அட்டைப்பெட்டி செங்கல்களால் பிரமாண்ட சுவர் எழும்பும். கடைசியில் இடிந்து விழும். இந்த சுவரை தூக்கிக்கொண்டு ஊர் ஊராக போவது நடக்கிற காரியமா? 4 நகரங்களில் மொத்தம் 31 முறை மட்டுமே நடத்தினார்கள். அப்படியும் நஷ்டம்.

கீபோர்டு கலைஞர் ரிச்சர்டு ரைட்டை அதற்கு முன்பு குழுவில் இருந்து நீக்கி இருந்தார்கள். கச்சேரிக்கு மட்டும் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். பங்குதாரர்கள் 3 பேர் தலையிலும் நஷ்டம் விழுந்தது. சம்பளத்துக்கு வாசித்த ரைட் மட்டும் காசு பார்த்தார்!

ஊருக்குப் பதில் கப்பல்

இந்த லாரி, டீசல், ஓட்டல் தொல்லையே வேண்டாம் என்று கண்டுபிடித்த வழிதான் கப்பல் கச்சேரி. 2014 பிப்ரவரியில் போர்ட்நாய் தன் விழாவை மியாமியில் இருந்து கிளம்பிய உல்லாசக் கப்பலில் நடத்தினார். யெஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பாடினார். மேடை கட்டுவது ஒரே முறை. குழுக்களும் ரசிகர்களும் அதே கப்பலில் தங்கல். ஆனால் கப்பல் டிக்கெட் விலை சாதாரண ரசிகருக்கு கட்டுப்படியாகாது. ஊர் ஊராக வரும் கச்சேரிக்குத்தான் வேலை முடித்துவிட்டு வரும் தொழிலாளி டிக்கெட் எடுக்க முடியும்.

ரசிகர்கள் கட்டிய 60 ஆயிரம் டாலர்

நஷ்டம் வரும் என்று தெரிந்தும் கச்சேரி நடந்த கதையும் உண்டு. இங்கிலாந்தின் 'மரில்லியன்' குழுவை 1997-ல் அமெரிக்க ரசிகர்கள் கூப்பிட்டார்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி கணக்கை உடைத்துச் சொன்னார். வந்தால் சுமார் 60 ஆயிரம் டாலர் நஷ்டம். கம்பெனியும் தராது. எனவே வர வழியில்லை என்றார்.

ரசிகர்கள் விடவில்லை. இணையம் வழியாக ஒருவரை ஒருவர் தொடர்பு கொண்டு, தனி கணக்கு தொடங்கி வசூலில் இறங்கினார்கள். குழு கேட்காமலே 60 ஆயிரம் டாலர் சேர்ந்தது. அன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். குழு வந்தது, வாசித்தது.

அந்த அனுபவத்தை வைத்தே பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பதிவு செய்யாத ஆல்பத்துக்கு முன்பணம் கேட்டார்கள். 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கட்டினார்கள். கம்பெனியை நம்பிய 2 சுவீடன் குழுக்கள் 2009-ல் நடுவழியில் நின்றன. ரசிகர்களை நம்பிய குழு அதற்கு முன்பே கரை சேர்ந்து விட்டது.

எந்த ஊர் கச்சேரியிலும் கடைசியில் வரும் பெரிய குழுவுக்கு கூட்டம் தானாக சேரும். சாயங்காலம் காலி நாற்காலிகள் முன்னால் வாசிப்பது முதல் குழு. அவர்களுக்கு அரை மணிதான் நேரம். டிக்கெட் எடுத்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் போய் உட்கார்ந்து, வரும்போது வாசலில் ஒரு டி-ஷர்ட் வாங்கினால், அன்று இரவு அவர்கள் பஸ்சுக்கு டீசல் ரெடி.